பழைய மடிக்கணினியில் விண்டோஸ் உரிமம் ஏற்கப்படவில்லை
வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய திங்க்பேட் டி480 மடிக்கணினியில் பழைய வட்டுக்குப் பதில் 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தி, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11 ப்ரோவைப் பென்டிரைவ் வழியாக நிறுவினேன்; அன்றிலிருந்து, கருவியில் தயாரிப்புச் சாவி (விண்டோஸைச் செயல்படுத்தும் குறியீடு) இல்லை என்ற செய்தியே வருகிறது. டிஜிட்டல் உரிமம் மதர்போர்டுடன் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பிணைந்தது என்பதால், வட்டை மாற்றியது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

விண்டோஸில் சிக்கல் தீர்க்க உள்ள ட்ரபிள்ஷூட்டரை இருமுறை இயக்கினேன். பயாஸில் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) பதிந்த சாவியைக் கட்டளை மூலம் தேடினால் வெற்று வரிதான் கிடைக்கிறது. பழைய வட்டை மீண்டும் மாட்டிப் பார்த்தபோதுதான், அதில் இருந்தது 180 நாள்களுக்குள் புதுப்பிக்க வேண்டிய, நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் உரிமம் என்று தெரிந்தது. மதர்போர்டு மாற்றப்பட்டதை விற்றவர் இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார். மகளின் கல்லூரிப் படிப்புக்கான கணினி இது. திருட்டுச் சாவி வேண்டாம்.

தயாரிப்பாளரின் சேவை மையத்தில் வரிசை எண்ணைக் காட்டி, முதலில் வந்த உரிமத்தைப் புதிய மதர்போர்டில் மீண்டும் பெற்றவர்கள் இங்கே யாரேனும் இருக்கிறீர்களா?