புதுப்பிப்பு: டவுனெண்ட் வீட்டின் உருண்டைப் புகைபோக்கி

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில், ட்ரவுட்பெக் ஊரில் உள்ள டவுனெண்ட் பண்ணைவீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதன் உருண்டைப் புகைபோக்கிகள் வெறும் அழகுக்குத்தான் என்று அதில் சொன்னது என் தவறு. அந்தப் பக்கத்துக் கல் பலகை பலகையாகப் பிளக்கும்; அதைச் சதுரமாகச் செதுக்கி மூலை கட்டுவது பெரும்பாடு. வட்டமாக அடுக்கினால் மூலையே வேண்டாம். சிக்கனம்தான், ஆனால் என்ன அழகு!

அந்த வட்டாரக் கூரைகளிலும் இதே புத்திதான். பெரிய ஸ்லேட் பலகைகள் கீழே இறவாரத்தில். மேலே போகப் போகச் சின்னவை. சிறு துண்டும் வீணாகாது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு.

அப்புறம், வீடு 17ஆம் நூற்றாண்டுடையது. பிரவுன் என்ற விவசாயக் குடும்பம் 300 வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தது. எதிரே களஞ்சியத்தில் மரத் தாழ்வாரம் ஒன்றும் உண்டு.