அம்மோனியா உருவாதல்: கட்டிலா ஆற்றல் மாற்றம் −33.0 வர வேண்டிய இடத்தில் −206.9 வருகிறது

கேட்பவர்:
வணக்கம். ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் வினைபுரிந்து இரண்டு மோல் அம்மோனியா உருவாகும் வினைக்கு, 298 கெல்வினில் திட்ட கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றத்தைக் (எதிர்க்குறி வந்தால் வினை தானாக முன்னோக்கி நடக்கும் என்று காட்டும் அளவு) கணக்கிட வேண்டும். பாடநூலின் விடை −33.0 கிலோ ஜூல். மூன்று முறை போட்டுப் பார்த்தும் எனக்கு −206.9 தான் கிடைக்கிறது.

அம்மோனியாவின் திட்ட உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) மோலுக்கு −46.1 கிலோ ஜூல் என்பதால் இரண்டு மோலுக்கு −92.2 எனக் கொண்டேன், தனிமங்களுக்குப் பூஜ்ஜியம். அதேபோல் அம்மோனியாவின் திட்ட என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மோலுக்கு, கெல்வினுக்கு 192.5 ஜூல், இரண்டு மோலுக்கு 385.0. இதை வெப்பநிலையால் பெருக்கி என்தால்பியிலிருந்து கழித்தேன். தவறு எங்கே?

முதல் பதில்:
என்தால்பி கிலோ ஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் தரப்பட்டிருக்கும். 1000 ஆல் வகுக்க மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

கேட்பவர்:
வகுத்துவிட்டேன் ஐயா. 0.3850 ஐ 298 ஆல் பெருக்கினால் 114.7. வகுக்காமல் விட்டிருந்தால் விடை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இரண்டாம் பதில்:
உங்கள் கேள்வியில் உள்ள 'அதேபோல்' என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. தனிமங்களின் உருவாதல் என்தால்பி பூஜ்ஜியம் என்பது நாம் வைத்துக்கொண்ட ஓர் ஒப்பந்தம். என்ட்ரோபிக்கு அத்தகைய ஒப்பந்தம் கிடையாது. குறையற்ற படிகத்தின் என்ட்ரோபி தனிப்பூஜ்ஜிய வெப்பநிலையில்தான் பூஜ்ஜியமாகும் என்பதால், 298 கெல்வினில் தனிமங்களுக்கும் என்ட்ரோபி உண்டு: நைட்ரஜனுக்கு 191.6, ஹைட்ரஜனுக்கு 130.7. வினைபடு பொருள்களின் கூடுதல் 191.6 + 392.1 = 583.7, எனவே என்ட்ரோபி மாற்றம் 385.0 − 583.7 = −198.7 ஜூல். இதை இட்டால் −92.2 + 59.2 = −33.0 கிலோ ஜூல். அம்மோனியாவின் உருவாதல் கட்டிலா ஆற்றலான −16.5 ஐ இரண்டால் பெருக்கினாலும் இதே விடை வரும்.

எண்களைத் தொடுமுன் குறியைப் பார்த்திருந்தாலே போதும். நான்கு மோல் வாயு இரண்டு மோலாகச் சுருங்கும் வினையில் என்ட்ரோபி கூடுகிறது என்று கணக்கு சொன்னால், கணக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேட்பவர்:
இப்போது சரியாக வருகிறது, நன்றி ஐயா. ஆனால் அதே எண்களை 773 கெல்வினுக்கு, அதாவது 500 டிகிரி செல்சியஸுக்கு இட்டால் +61.4 கிடைக்கிறது. தொழிற்சாலைகளில் ஏறத்தாழ இந்த வெப்பநிலையில்தானே அம்மோனியா தயாரிக்கிறார்கள்? இரும்பு வினையூக்கிதான் குறியை மாற்றுகிறதா?

இரண்டாம் பதில்:
இல்லை. வினையூக்கி வேகத்தை மட்டுமே கூட்டும். கட்டிலா ஆற்றல் மாற்றத்தை அது தொடுவதே இல்லை. நீங்கள் பெற்ற +61.4, ஒவ்வொரு வாயுவும் 1 பார் அழுத்தத்தில் இருக்கும் திட்ட நிலைக்கு உரியது. உலையில் நிலைமை வேறு. அங்கே திட்ட மதிப்புடன், வாயு மாறிலி, வெப்பநிலை, வினை குணகத்தின் இயல் மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கற்பலனையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மொத்த அழுத்தம் 200 பார், அதில் நைட்ரஜன் 49, ஹைட்ரஜன் 147, அம்மோனியா 4 எனக் கொள்ளுங்கள். வினை குணகம் என்பது 4 இன் வர்க்கத்தை, 49 ஐ 147 இன் கனத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தது. அதாவது ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. அதன் இயல் மடக்கை −16.1, கூட்ட வேண்டிய உறுப்பு −103.4 கிலோ ஜூல். ஆகவே கட்டிலா ஆற்றல் மாற்றம் −42.0, வினை முன்னோக்கியே நடக்கும். அம்மோனியா சேரச் சேர இந்த மதிப்பு பூஜ்ஜியத்தை நெருங்கும் என்பதால்தான், அதை அவ்வப்போது குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய வாயுக்களை மீண்டும் உலைக்கு அனுப்புகிறார்கள்.

மூன்றாம் பதில்:
ஒரு திருத்தம். 298 கெல்வினின் என்தால்பியையும் என்ட்ரோபியையும் 773 கெல்வினிலும் மாறாதவையாகக் கொண்டதால் +61.4 என்பது தோராயமே. வெப்ப ஏற்புத்திறனையும் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ +71 வரும். மேற்சொன்ன அழுத்தங்களில் −42 க்குப் பதிலாக −32 கிடைக்கும், குறி மாறாது.

கேட்பவர்:
எல்லா அழுத்தங்களையும் 1 என இட்டுப் பார்த்தேன். மடக்கை பூஜ்ஜியமாகித் திட்ட மதிப்பே திரும்ப வருகிறது. இருவருக்கும் நன்றி.