தியானம் ஒரு வாரத்துக்கு மேல நிக்கவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

பனித்துளி:
எல்லாருக்கும் வணக்கம். 2 வருஷத்துல தியானத்தை ஆரம்பிச்சு விட்டது இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான், ரொம்ப ஆசையா காலைல 4.30க்கு அலாரம் வெச்சு 40 நிமிஷம் உக்காருவேன், ஒரு வாரம் நல்லா போகும், அப்புறம் ஒரு நாள் லேட்டா படுத்து எந்திரிக்க முடியாம போயிடும், அந்த ஒரு நாள் விட்டதுமே மனசு விட்டுப்போய் மொத்தமா நின்னுடும். கால் மடக்கி உக்காந்தா 15 நிமிஷத்துல வலது கால் மரத்துடுது, அதுக்கப்புறம் கவனம் முழுக்க கால்லயே இருக்கு. மனசும் ஒரு நிமிஷம் அடங்க மாட்டேங்குது. உக்கார்றதுக்கு முன்னாடி என்னெல்லாம் தயார் பண்ணிக்கணும், எவ்ளோ நேரம் உக்காரணும், தினமும் விடாம பண்றவங்க கொஞ்சம் சொல்லுங்க. இந்தத் தடவை நிலைக்கணும்னு நிஜமாவே ஆசைப்படறேன்.

மலைப்பாதை:
முதல்ல காலைச் சரி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். மரத்துப்போறது பெரும்பாலும் நரம்பு அழுந்தறதாலதான். தரைல சமமா உக்காந்தா முட்டி மேல தூக்கிக்கும், இடுப்பு பின்னாடி சாயும், முதுகு கூன் போடும். ஒரு போர்வையை நல்லா கெட்டியா மடிச்சு பின்பக்கத்துக்கு அடியில மட்டும் வெச்சுக்கோங்க, தொடைக்கு அடியில வரக்கூடாது. இடுப்பு முட்டியை விட உயரமா வந்துட்டா முட்டி தானா கீழ இறங்கும், முதுகை நீங்க பிடிச்சு நிமித்த வேண்டியதே இல்ல. முட்டி தரையைத் தொடலைன்னா அந்த இடைவெளில ஒரு துணி மடிச்சு வைங்க. அப்படியும் மரத்துச்சுன்னா சேர்ல உக்காருங்க, ரெண்டு பாதமும் தரைல பதியணும், முதுகை முழுசா சாய்க்காம இருந்தா போதும். சேர்ல பண்ணா தியானம் ஆகாதுன்னு சிலர் சொல்லுவாங்க, பதஞ்சலி யோகசூத்திரம் ஆசனத்துக்குக் கொடுக்கிற விளக்கமே ஸ்திரமா இருக்கணும், சுகமா இருக்கணும், அவ்ளோதான். முட்டிக்குள்ள சுருக்குனு குத்தினா மட்டும் பொறுத்துக்காதீங்க, உடனே மாத்தி உக்காருங்க. மரத்த காலோட சட்டுனு எந்திரிக்கவும் கூடாது, விழுந்துடுவீங்க.

ஓடைக்கரை:
40 நிமிஷம்தான் உங்க பிரச்சனை. நல்லா தூங்கி எந்திரிச்ச நாள்ல 40 முடியும், மோசமான நாள்ல முடியாது, அந்த மோசமான நாள்லயும் முடியற அளவு எதுவோ அதை வெச்சுக்கோங்க. நான் 5 நிமிஷத்துல ஆரம்பிச்சேன், 3 மாசம் 5ஐத் தாண்டவே இல்ல, அப்புறம்தான் 10. மணியைப் பாத்து உக்காராதீங்க, தினமும் எப்படியும் செய்யற ஒரு வேலையோட ஒட்டிடுங்க, எனக்கு பல் தேய்ச்சு முகம் கழுவினதும் நேரா அந்த இடம்தான், விரிப்பு ராத்திரியே போட்டு வெச்சிடுவேன். 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றாங்களே அதை நம்பி உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்காரங்க 96 பேரை வெச்சு சாப்பாடு, தண்ணி, உடற்பயிற்சி மாதிரி பழக்கங்களைப் பாத்து 2010ல வெளியிட்டாங்க, ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு படியறதுக்கு நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18லேந்து 254 வரை போச்சு. அதுல உங்களுக்கு முக்கியமானது என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது பெரிசா பாதிக்கல. விட்ட மறுநாள் ஈடு கட்டறேன்னு டபுளா உக்காராதீங்க, வழக்கமான 5 நிமிஷம்தான்.

மூங்கில்காடு:
மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், 5 நிமிஷத்துலயே 3 மாசம் இருக்க வேண்டாம். எனக்கு உள்ள கலங்கினது தெளியறதுக்கே 10 நிமிஷம் ஆகுது, அதுக்கப்புறம்தான் மூச்சே தெரிய ஆரம்பிக்கும். முதல் 2 வாரம் 5, அப்புறம் வாரத்துக்கு 2 நிமிஷம் கூட்டுங்க.

மனசு அடங்கலன்னு சொன்னீங்க. யாருக்கும் அடங்காதுங்க, 2010ல ஹார்வர்டுல வந்த ஆய்வுல, விழிச்சிருக்கிற நேரத்துல ஏறக்குறைய 47 சதவீதம் மனசு வேற எங்கயோதான் இருக்குன்னு கணக்கு சொன்னாங்க. விபாசனாங்கிற 10 நாள் தியான முகாம்லயே முதல் 3 நாள் மூச்சைக் கவனிக்கறது மட்டும்தான், வேற எதுவும் கிடையாது. மூச்சு வெளிய போறப்ப ஒண்ணு, அடுத்தது ரெண்டுன்னு பத்து வரை எண்ணி திரும்ப ஒண்ணுக்கு வாங்க, நடுவுல எங்கயோ போயிட்டோம்னு தெரிஞ்சதும் திட்டாம ஒண்ணுலேந்து ஆரம்பிங்க. அந்த "அட, போயிட்டோமே"ன்னு தெரியுது பாருங்க, அந்த நொடிதான் பயிற்சி. இருபது தடவை போயி இருபது தடவை திரும்ப வந்தீங்கன்னா அன்னிக்கு நல்லா உழைச்சிருக்கீங்க.

உக்கார்றதுக்கு முன்னாடி போனை ஃபிளைட் மோட்ல போட்டு டைமர் வைங்க, இல்லைன்னா எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கண்ணு ஓடும். முதல் சில மூச்சு மட்டும் வெளிய விடறதை மெதுவா நீளமா விடுங்க, மூச்சை விடறப்ப இதயத்துடிப்பு குறையும், உடம்பு தானா தணியும். அப்புறம் மூச்சை அது பாட்டுக்கு விட்டுடுங்க. தூக்கம் வந்தா கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்க. 4.30 அலாரம் தூக்கத்தை வெட்டுதுன்னா அந்த அலாரமே வேண்டாம்.

பனித்துளி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், போர்வை விஷயம் இப்பவே பண்ணிப் பாத்தேன், முட்டி நிஜமாவே இறங்குது. முதல்ல சொல்லத் தயங்கினேன், சில நாள் கண்ணை மூடினதும் படபடப்பு அதிகமாகுது, நெஞ்சுல அடைக்கிற மாதிரி. அது சரியா போயிடுமா?

மலைப்பாதை:
கேட்டது ரொம்ப நல்லது. சிலருக்கு அப்படி வரும், உங்க தப்பு கிடையாது, அதை அழுத்திப் பிடிச்சு உக்கார வேண்டாம். கண்ணைத் திறந்துக்கோங்க, மூச்சைக் கவனிக்கறதை விட்டுட்டு பாதம் தரைல படற இடத்தைக் கவனிங்க. அதுவும் கஷ்டமா இருந்தா எந்திரிச்சு மெதுவா பத்தடி நடந்து திரும்புங்க, ஒவ்வொரு பாதமும் தூக்கறது வைக்கறது மட்டும் கவனிச்சா போதும், நடைதியானமும் முழு தியானம்தான். நெஞ்சு அடைக்கிறது திரும்பத் திரும்ப வந்தா ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பழைய வேதனை ஏதாவது கிளம்பி வருதுன்னா மனநல ஆலோசகர் ஒருத்தரைப் பாத்துட்டு அவங்க துணையோட தொடருங்க, தனியா போராட வேண்டாம்.

பனித்துளி:
சரிங்க, டாக்டரைப் பாக்கறேன். அதுவரைக்கும் கண்ணைத் திறந்து வெச்சு சேர்ல 5 நிமிஷம், முகம் கழுவினதும். சேரை இப்பவே ஜன்னல் பக்கம் நகத்திப் போட்டுட்டேன். 2 வாரம் கழிச்சு இங்கயே வந்து எழுதறேன்.