ரூயின்ஸ்: கேட்டவர்கள், நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

யாராவது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தேன், யாரும் வரவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். ரூயின்ஸ் ஒரு ஜப்பானிய 'டிரம் அண்ட் பேஸ்' குழு. அந்தப் பெயரைக் கேட்டதும் 90களில் இங்கிலாந்து கிளப்புகளில் ஓடிய எலக்ட்ரானிக் இசை நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். இது நிஜமாகவே ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், அவ்வளவுதான். 1985-இல் டோக்கியோவில் டிரம்மர் தட்சுயா யோஷிதா தொடங்கிய குழு. பேஸ் வாசிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் மாறவில்லை.

எனக்கு முதலில் கிடைத்தது அமெரிக்க இசைக்கலைஞர் ஜான் சோர்னின் ட்சாடிக் இசை நிறுவனம் 1995-இல் வெளியிட்ட 'ஹைடரோமாஸ்ட்குரோனிங்கம்' ஆல்பம். (ஒரே மூச்சில் சொல்பவருக்கு என் செலவில் காபி.) தாளம் பிடிபட்டது என்று காலைத் தட்டத் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டு வேறு கணக்குக்குப் போய்விடுகிறார்கள். இருவரும் சட்டென்று நிற்கிறார்கள், அரை மூச்சு அமைதி, பிறகு சேர்ந்தே பாய்கிறார்கள். மேலே பங்க்கின் அவசரமும் இரைச்சலும். அடியில், சிக்கலான தாளங்களில் நீளமாகக் கட்டப்படும் புரோக்ரசிவ் ராக்கின் மனப்பாடக் கணக்கு. அந்த அடிக்கு நடுவே யோஷிதா ஓபரா பாடகர் மாதிரி குரலை உயர்த்துகிறார். வரிகள் ஜப்பானிய மொழி இல்லை, எந்த மொழியுமே இல்லை. அவரே கட்டிய ஓசைகள். பிரான்சின் மாக்மா என்ற ராக் குழுவைக் கேட்டவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். அங்கேயும் தலைவர் டிரம்மர்தான், கிறிஸ்டியன் வாண்டர். அவரும் பாடுவதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கியவர்.

—

நான் பேஸ் வாசிப்பவன், அதனால் சசாகி ஹிசாஷி பேஸ் வாசித்த ரூயின்ஸ்தான் என் கட்சி. அவர் வாசிக்கும்போது கிட்டார் எங்கே என்ற கேள்வியே எழாது. 2000-இல் வந்த 'பல்லாஷ்டம்' ஆல்பத்தில் மெட்லிகள் (பல பாட்டுகளின் கோவைகள்) உண்டு: கிளாசிக்கலுக்கு ஒன்று, ஹார்ட் ராக்குக்கு ஒன்று, புரோக்ரசிவ் ராக்குக்கு ஒன்று. ஊரறிந்த மெட்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, மூச்சுவிடாமல் கோத்திருக்கிறார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு உடன் வாசிக்க உட்கார்ந்தேன். 'அட, இது அந்தப் பாட்டாச்சே' என்று நான் அடையாளம் காண்பதற்குள் அடுத்த இரண்டு கடந்து போயிருந்தன. கிண்டலா மரியாதையா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். கிண்டலுக்காக மட்டும் யாரும் இவ்வளவு பயிற்சி செய்ய மாட்டார்கள்.

—

நேரில் பார்த்தது நான். வேலைக்காக டோக்கியோவில் இருந்த காலத்தில் ஒரு சின்ன லைவ் ஹவுஸில் (நேரடி இசை நடக்கும் அரங்கில்) 'ரூயின்ஸ் அலோன்' பார்த்தேன். சசாகி விலகிய பிறகு யோஷிதா தனியாக நடத்துவது. மற்ற ஒலிகள் முன்பே பதிவு செய்தவை, டிரம்ஸும் குரலும் மட்டும் நேரடி. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு அடி தவறினால் அவ்வளவுதான். அவர் தவறவில்லை. டிரம்ஸுக்கு மிக அருகில் நின்றிருந்தேன், ஸ்னேர் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழுந்தது. பிரமிப்புதான், ஆனாலும் எனக்குக் குறை இருந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து குதிக்கும் அந்தப் பதற்றம் மெஷினோடு வராது.

புதிதாகக் கேட்பவர்கள் யோஷிதாவின் இன்னொரு குழுவான 'கோயென்ஜி ஹியாக்கேய்' பக்கம் முதலில் போகலாம். பெண் குரல், கீபோர்டு எல்லாம் உண்டு, காதுக்கு ஏதாவது பிடி கிடைக்கும். அப்புறம் பல்லாஷ்டம். ஆங்கிலேய கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லியோடு ரூயின்ஸ் செய்த பதிவுகளை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் மெட்டைத் தேடினால் கிடைக்காது.