சிவப்பில் நிற்கும் 61 பணிகள்

நான் (காலை 6:52): எல்லாருக்கும் வணக்கம். பணிப்பட்டியல் செயலி பயன்படுத்துகிறவர்கள் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். மனத்தில் இருக்கும் வேலைகளையெல்லாம் பட்டியலில் எழுதி வைக்கச் சொல்லும் டேவிட் ஆலனின் ‘கெட்டிங் திங்ஸ் டன்’ புத்தகத்தின் முறையைப் பின்பற்றலாம் என்று ஆறு மாதங்களாக ஒரு செயலியில் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். இன்று காலை திறந்து பார்த்தால் 214 பணிகள் இருக்கின்றன. அவற்றில் 61 கெடு தாண்டிச் சிவப்பு நிறத்தில் நிற்கின்றன. அதைத் திறக்கவே மனம் வரவில்லை. வேறு செயலிக்கு மாறிவிடலாமா?

அக்கா (7:05): இது உன்னுடைய மூன்றாவது செயலி அல்லவா? மாறுவதற்கு முன்பு ஒன்று செய். அந்த 61 பணிகளில், குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால் உண்மையாகவே நட்டம் வரக்கூடியவை எத்தனை என்று எண்ணிச் சொல்.

நான் (7:21): எண்ணிவிட்டேன். நான்குதான். காப்பீட்டுப் புதுப்பிப்பு, வரிக் கணக்கு, கடவுச்சீட்டு விண்ணப்பம், நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய புத்தகம். மற்ற 57 பணிகளுக்கும், அன்றைக்குச் செய்தால் நன்றாக இருக்குமே என்று நானே தேதி வைத்துக்கொண்டேன்.

அக்கா (7:34): அப்படியானால் உன் பட்டியல் உன்னிடம் 57 பொய்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வந்த அந்தப் புத்தகத்திலேயே ஆலன் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: அந்த நாளில் நடந்தே ஆக வேண்டியவை மட்டும்தான் நாட்காட்டியில் இடம்பெறலாம்; மற்றவை தேதியில்லாமல் பட்டியலில் இருக்க வேண்டும். ஆனால் செயலியில் பணியை எழுதும்போது பக்கத்திலேயே ஒரு தேதிக் கட்டம் காலியாக இருப்பதால், அதை நிரப்பாமல் விட்டால் ஏதோ குறை வைத்துவிட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆம்னிஃபோகஸ், திங்ஸ் போன்ற செயலிகள் ‘எப்போது தொடங்கலாம்’ என்பதற்கு ஒரு தேதியும் ‘எப்போதுக்குள் முடிய வேண்டும்’ என்பதற்கு வேறொரு தேதியும் வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகத்தான். உன் செயலியில் ஒரே ஒரு தேதிதான் உண்டு என்றால், அதைக் கெடுவுக்கு மட்டும் ஒதுக்கிவிடு.

சித்தப்பா (7:50): நான் அலுவலகத்தில் இருந்தபோது கணினி இல்லாமலேயே இதைச் செய்து வந்தோம். மாதத்தின் நாட்களுக்கு 31 உறைகள், ஆண்டின் மாதங்களுக்கு 12 உறைகள், ஆக 43. ஒரு தாளை 18-ஆம் தேதி உறைக்குள் வைத்துவிட்டால் 18-ஆம் தேதி வரைக்கும் அது கண்ணில் படாது. அந்த நாள் வந்தும் செய்யவில்லை என்றால், என் கையாலேயே எடுத்து அடுத்த உறைக்குள் செருக வேண்டும். ஒரே தாளை நான்காவது முறை செருகும்போது எனக்கே வெட்கமாகிவிடும். அன்றே செய்து முடிப்பேன், இல்லாவிட்டால் கிழித்துப் போடுவேன். உங்கள் செயலியில் ‘நாளைக்கு’ என்று ஒருமுறை தொட்டால் போதும். வெட்கப்படுவதற்கு அது நேரமே கொடுப்பதில்லை.

அத்தை (8:02): நான் வேறொன்று கேட்கிறேன். போன வாரம் நீ உன் கைப்பேசியைக் காட்டியபோது அதில் ‘அலமாரி’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. அலமாரியை என்ன செய்யப் போகிறாய்?

நான் (8:10): உண்மையைச் சொன்னால் நினைவில்லை, அத்தை. கதவு சரியாக மூடுவதில்லை என்பதற்காக எழுதினேனா, விற்றுவிடலாம் என்று எழுதினேனா என்று தெரியவில்லை.

அத்தை (8:11): அப்படியானால் அது வேலை இல்லை, வெறும் பெயர்ச்சொல்.

அக்கா (8:26): அத்தை சொன்னதுதான் இந்த முறையின் உயிர்நாடி, ஆலன் அதை ‘அடுத்த செயல்’ என்கிறார். ‘காப்பீடு’ என்று எழுதினால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். ‘பழைய பத்திரத்தை எடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினால், கை தானாகவே அந்த வேலையை நோக்கிப் போகும். முடிக்காத வேலைகள் நினைவில் அதிகம் தங்குகின்றன என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. எனக்கு அதைவிட, மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்டதுதான் பயன்பட்டது: முடியாத வேலை மனத்தை அரிப்பதை நிறுத்த, அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, எப்படிச் செய்வது என்று ஒரு தெளிவான திட்டம் இருந்தாலே பெருமளவு போதும் என்று அவர்கள் கண்டார்கள். ‘அலமாரி’ என்பதில் திட்டம் எங்கே இருக்கிறது?

தம்பி (8:40): நானும் ஒன்று கேட்கலாமா? ‘வீடு’, ‘கணினி’, ‘தொலைபேசி’ என்று ஒவ்வொரு பணிக்கும் அடையாளக்குறி போட வேண்டும் என்கிறார்களே, அதனால் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை.

அக்கா (8:52): தெரியாதுதான். அந்தப் பிரிவு வந்த காலத்தில் தொலைபேசி ஒரு மேசையிலும் கணினி வேறொரு மேசையிலும் இருந்தன. இப்போது இரண்டும் உன் சட்டைப்பையில் இருக்கின்றன. ஆட்களின் பெயரில் குறி போட்டுப் பார். சித்தப்பாவிடம் பேச உட்கார்ந்ததும் அவர் பெயரைத் தொட்டால், கேட்க வேண்டிய ஐந்தும் ஒன்றாக வந்து நிற்கும். களைப்பான மாலையில் செய்யக்கூடியவற்றுக்கு எனக்குத் தனிக் குறி உண்டு, அதற்குமேல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி (8:55): திரும்பத் திரும்ப வரும் பணிகளும் குவிந்துவிடுகின்றன.

அக்கா (9:03): அடுத்த தேதியை, முடித்த நாளிலிருந்து கணக்கிடும்படி செயலியில் வை. டுடூயிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியில் ‘எவ்ரி’ (ஒவ்வொரு) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அப்படித்தான் கணக்கிடும். தண்ணீர் வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு அது பொருந்தும்; வாடகைக்குப் பொருந்தாது.

நான் (9:15): எல்லாம் புரிகிறது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் பார்வையிட வேண்டும் என்கிறார்களே, அதை நான் இரண்டே முறைதான் செய்திருக்கிறேன்.

சித்தப்பா (9:18): ஆறு மாதத்தில் இரண்டு முறையா? இதை நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம்.

அக்கா (9:24): அந்தப் பார்வையிடலைச் செய்யாதவரை எந்தச் செயலியும் மூன்றே மாதத்தில் குப்பைக்கூடைதான். முதல் முறை இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். தேதிகளை எடு, பெயர்ச்சொற்களை வினையாக்கு, இப்போதைக்குச் செய்யப் போவதில்லை என்பவற்றைப் ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலுக்குத் தள்ளு. பிறர் கையில் இருப்பவற்றை, கொடுத்த தேதியோடு ‘காத்திருப்பவை’ என்று தனியாக எழுது.

அக்கா (9:25): இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அக்கா (9:26): புதிய செயலிகளின் ஒப்பீட்டை அனுப்பினேன், உனக்கு அது வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

நான் (மாலை 5:47): உட்கார்ந்து முடித்துவிட்டேன், இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. 214 பணிகளில் 83 மிஞ்சின. சிவப்பில் நான்குதான் இருந்தன, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் இப்போது மூன்று. அலமாரியை அழித்துவிட்டேன். ‘காத்திருப்பவை’ பட்டியலில் ஏழு சேர்ந்தன. அவற்றில் மிகப் பழையது சித்தப்பாவிடமிருந்து வர வேண்டிய வீட்டுப் பத்திர நகல், கேட்டு 96 நாட்கள் ஆகின்றன.

சித்தப்பா (5:59): இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை எழுதி வைக்காமல் உடனே செய்துவிட வேண்டும் என்பதும் அந்த முறையில் உண்டுதானே? இதோ அனுப்புகிறேன்.

சித்தப்பா (6:00): புகைப்படம்

நான் (6:04): நன்றி, சித்தப்பா. இது முதல் பக்கம் மட்டும்தான் போலிருக்கிறது.

சித்தப்பா (6:05): மற்ற பதினொரு பக்கங்களும் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். அதை உன் பட்டியலிலேயே வைத்திரு.