ஆஃப்டர்பர்னர்: பின்னெரிப்பானா, கடைக்கனலியா?

ஐயாவுக்கும் இழையில் இருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நான்கு நாளாகப் பதில் போட முடியவில்லை. கும்பகோணம் பட்டறையில் லாரி டர்போவை வைத்துச் செய்த ஜெட் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஏன் பிரித்தோம் என்பதைக் கீழே சொல்கிறேன். ஜெட் எஞ்சினின் வால் குழாயில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பஞ்சாயத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

> தம்பி, பின்னெரிப்பான் என்பதில் என்ன குறை? ஆஃப்டர் என்றால் பின், பர்னர் என்றால் எரிப்பான். கணக்கு நேராகிவிட்டதே.

நேராகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் நம் லேத் அண்ணனிடம் போய், ‘அண்ணே, பின்னெரிப்பானுக்கு ஒரு வளையம் கடைந்து கொடுங்க’ என்றேன். ‘பின்னெரிச்சலுக்கு மோர் குடி தம்பி, வளையம் எதுக்கு?’ என்றார். அன்றோடு அந்தச் சொல் எங்கள் பட்டறையில் செத்தது.

இதை விளையாட்டு என்று தள்ளினாலும் இன்னொன்று இருக்கிறது. லாரி டர்போவை வைத்து ஜெட் செய்பவர்களுக்கு இது தெரியும்: எரிபொருளை அடைத்து எஞ்சினை நிறுத்திய பிறகும், குழாய்க்குள் தேங்கிய மண்ணெண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். காற்றை ஊதித் தள்ளினால்தான் அடங்கும். பின்னெரிவு என்ற பெயர் அந்தத் தொல்லைக்குத்தான் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ‘பின்’ இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். இங்கே இரண்டும் ஒரே குழாயில் முட்டிக்கொள்கின்றன.

> அப்படியானால் மீள்சூடாக்கி? ஆங்கிலேயர் ரீஹீட் என்றுதானே சொல்கிறார்கள்.

ஆமாம் அக்கா, கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினிலும் அதற்கு ரீஹீட் என்றுதான் பெயர். ஆனால் அனல்மின் நிலையத்தில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது. உயரழுத்த டர்பைனில் உழைத்துக் களைத்த நீராவியைக் கொதிகலனுக்குத் திருப்பி, சூடேற்றி, அடுத்த டர்பைனுக்கு விடுவார்கள். அங்கே நீராவி வெளியிலிருந்து சூடு வாங்குகிறது. இங்கே வாயுவுக்குள்ளேயே நெருப்பு வைக்கிறோம். மின்நிலையத்துக்காரரும் நாமும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறுவேறு பேச வேண்டாம்.

சரி, அந்தக் குழாயில் எது எதோடு எரிகிறது? ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுதாக எரிய சுமார் 15 கிலோ காற்று போதும். நம் எஞ்சினோ 60 கிலோ வரை இழுக்கிறது. மிச்சக் காற்று வந்து கலந்து சூட்டைத் தணிக்காவிட்டால், அந்த வாயு தள்ளிச் சுழலும் டர்பைன் சக்கரம் தாங்காது. ஆக, டர்பைனைத் தாண்டி வரும் வாயுவில் முக்கால் பங்கு ஆக்சிஜன் தொடப்படாமலே வருகிறது. அதில் மறுபடி எரிபொருளைத் தெளித்துப் பற்றவைப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. சக்கரத்தைக் கடந்துவிட்டதால் இங்கே எவ்வளவு சூடானாலும் குழாய் தாங்கினால் போதும்.

நம் ஆற்றுக் கணக்குக்கு இது நேர் எதிர். மேட்டூர் திறந்தால் தலைமடை வயல் நிரம்பிவிடும்; தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா என்று ஆள் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் தலைமடை கால் பங்கைக் குடித்துவிட்டு முக்கால் பங்கைக் கடைமடைக்கு விடுகிறது! அதனால்தான் என் மனசு ‘கடை’யில் போய் நின்றது. நிகழ்வுக்குக் கடைக்கனல், கருவிக்குக் கடைக்கனலி. ‘கடைக்கனல் ஏத்து’, ‘கடைக்கனலை அணை’ என்று அந்த இரைச்சலிலும் கத்தலாம்.

> கடை என்பதற்கு இழிவுப் பொருளும் உண்டே தம்பி.

உண்டு ஐயா. ஆனால் மாயவரத்தில் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்கு ஊரே திரண்டு போகிறதே, அதில் என்ன இழிவு? கடைக்கண்ணும் கடைக்குட்டியும் நமக்குச் செல்லம்தானே.

> உலர் உந்துவிசை, ஈர உந்துவிசை என்று எழுதலாமா?

தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி வந்ததிலிருந்து நமக்கு அந்தச் சத்தம் பழக்கம். அதன் ஒவ்வோர் எஞ்சினும் கடைக்கனல் இல்லாமல் சுமார் 7,700 கிலோ உந்தும், ஏற்றினால் 12,500 கிலோ. எரிபொருள் செலவு அந்த விகிதத்தில் நிற்காது, பல மடங்காகும். முன்னதை உலர்ந்தது, பின்னதை நனைந்தது என்பது எஞ்சின்காரர்கள் வழக்கு. 1989-ல் அனுமதி பெற்று பெங்களூரில் உருவான நம் நாட்டுப் போர் விமான எஞ்சினுக்குக் காவேரி என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு ஆளில்லா விமானத்துக்காக, கடைக்கனலி இல்லாத வடிவத்தையும் எடுத்தார்கள். அதை ‘உலர் காவேரி’ என்று எழுதிப் பார்த்தேன். டெல்டாக்காரன் வயிறு பகீர் என்றது. நஞ்சையும் புஞ்சையும் கையில் இருக்கும்போது நாம் ஏன் ஆற்றை உலர்த்த வேண்டும்? புஞ்சை உந்துவிசை, நஞ்சை உந்துவிசை. நஞ்சை நிலம் நிறையக் குடிக்கும், நிறைய விளையும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

குழாய்க்குள் சுடரை நிறுத்தி வைக்கும் ஃபிளேம் ஹோல்டருக்குச் சுடர்தாங்கி போதும், சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் உட்காரும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது பாலத்துத் தூணுக்குப் பின்னால் பாருங்கள். ஆறு அடித்துக்கொண்டு ஓடும், ஆகாயத்தாமரை மட்டும் அங்கேயே சுழியில் சுற்றிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் வைக்கும் வளைத்த தகடும் அப்படி ஒரு சுழியை உண்டாக்கி, சுடர் அடித்துக்கொண்டு போகாமல் நிறுத்துகிறது.

இனி பிரித்த கதை. வாயு வெளியேறும் கூம்புவாயை (நாசில்) மாற்றாமல் கடைக்கனல் ஏற்றிவிட்டோம். வாயு சூடானால் பருக்கும், பருத்தது வெளியே போக வாய் பெரிதாக வேண்டும். சுகோயின் வாலில் இதழ்கள் விரிவது அதற்குத்தான். எங்கள் வாய் பழைய அளவிலேயே இருந்தது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, சுழற்சி இறங்கியது. நான் மேதாவியாட்டம் முன்பக்க எரிபொருளைக் கூட்டினேன். டொப், டொப் என்று இரண்டு சத்தம். காற்று உள்ளே போக வேண்டிய வாயிலிருந்து நெருப்பு வெளியே வந்தது. தள்ளி நின்ற லேத் அண்ணன், ‘எதுக்களிக்குதுடா!’ என்றார்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரெசர் இப்படித் திருப்பித் தள்ளுவதுதான் கம்ப்ரெசர் சர்ஜ். அதற்கு இந்தக் குழுவில் எத்தனை மடல் எழுதியிருப்போம்? எதுக்களிப்பு. இன்றே பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

யாருக்கும் காயம் இல்லை. பேரிங் தப்பித்தது, டர்பைன் சக்கரத்தைத்தான் இன்னும் சோதிக்க வேண்டும். கூம்புவாயைப் பெரிதாக வெட்டப் போகிறோம். புஞ்சையில் கொஞ்சம் நட்டம் வரும், பரவாயில்லை. வளையம் அடுத்த வாரம் கைக்கு வரும். ஐயாவுக்கு இன்னமும் பின்னெரிப்பான்தான் என்றால், ஒரு நடை வந்து லேத் அண்ணனிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள். மோர் நான் வாங்கி வைக்கிறேன்.