மரத்தடி இடத்தைக் கேட்டு வாங்கச் சொன்னவர் யார்?

நொய்யல்கரையான்:

இங்கே பயணக் குறிப்புகள் எழுதும் கொடுமுடியார் என்ற நண்பர், இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏரி நாட்டில், சக்கரம் வைத்த வீட்டு வண்டியான கேரவன் எடுத்துத் தங்க விரும்பும் நம் கொங்குக் குடும்பங்களுக்கு ஓர் அறிவுரை வழங்கியிருக்கிறார். "காட்டுக்குள் இருக்கும் கேரவன் தளத்தில் முன்பதிவு செய்யும்போதே மரத்தடி இடத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள், எவ்வளவு மழை பெய்தாலும் கூரைமேல் விழாது" என்பது அவருடைய வாக்கு. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. மான்செஸ்டரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிற பெற்றோர், எம்6 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, கெண்டல் பக்கம் திரும்பி, இவர் பேச்சைக் கேட்டு ஒரு மரத்தடியில் போய் மாட்டிக்கொண்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அந்த ஊர் மழை, நம் ஐப்பசி மழையைப்போல அடித்துக் கொட்டிவிட்டு ஓய்கிற மழை அல்ல. பாரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. கோவை நகரத்துக்கு 700 மி.மீ. கிடைத்தாலே நாம் நல்ல ஆண்டு என்போம். மெல்லிய தூறலாக நாள் முழுக்க இறங்கும் அந்த மழையை இலைகள் பிடித்துவைத்து, ஒன்றாகத் திரட்டி, பெரிய சொட்டாக்கி, நம் தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் இருக்கும் மெல்லிய கூரையின் மீது போடுகின்றன. மழை நின்ற பிறகும் மரம் சொட்டுவது நிற்காது. விசைத்தறி சீராக ஓடும் சத்தத்தில் சோமனூர்க்காரன் நிம்மதியாகத் தூங்குவான், தறி விட்டுவிட்டு ஓடினால் எழுந்து உட்கார்ந்துகொள்வான். மரச் சொட்டு அந்த இரண்டாவது வகை. மான்செஸ்டரில் என் மகன் வீட்டுக்குப் போனபோது நாங்களும் அங்கே கேரவன் எடுத்துத் தங்கினோம். திறந்த வெளியில் கேரவனை நிறுத்தியிருந்தவர்கள் தூங்கினார்கள், மரத்தடியில் நிறுத்தியிருந்த நாங்கள் விழித்திருந்தோம். மில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

கொடுமுடியார்:

நொய்யல் அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் எழுதியது டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரைக் காட்டில் குடும்பத்தோடு தங்கிய அனுபவத்தில். யாரிடமோ கேட்டு எழுதியதல்ல. எங்கள் கூரையில் எந்தச் சொட்டும் விழவில்லை. அந்த ஊரில் தங்குபவரைப் படுத்துவது காற்று. ஏரியின் மேல் தடையில்லாமல் ஓடிவரும் காற்று, கேரவனின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் துணிப் பந்தலைத் தூக்கி, அடித்த முளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடும். திறந்த வெளியில் நின்றிருந்த ஒரு குடும்பம் நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் பந்தலைத் துரத்திக்கொண்டு ஓடியதை நாங்கள் சன்னலில் இருந்து பார்த்தோம். எங்கள் பந்தல் மரங்களுக்கு நடுவில் அசையாமல் நின்றது. அண்ணனுக்கு ஒரு மரம் பிடிக்காமல் போனதற்காக ஒரு காட்டையே குறை சொல்வது நியாயம் ஆகாது.

நொய்யல்கரையான்:

காற்றைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மழை நின்ற பிறகு மரம் சொட்டுமா, சொட்டாதா? இது மட்டும்தான் கேள்வி. "எங்கள் கூரையில் விழவில்லை" என்கிறார் நண்பர். அவர் இருந்த நாட்களில் மழையே பெய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழையில்லாத வாரத்தில் போய்விட்டு மழைக்கு அறிவுரை எழுதுவது அவருக்குப் புதிதல்ல. போன ஆண்டு சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நான் எழுதியபோது, உலகத்தின் இரண்டாவது சுவையான தண்ணீர் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டவரும் இவர்தான். இப்போது சொட்டவில்லை என்பதற்கு அவருடைய சான்று எங்கே?

ஆனைமலைத் தோப்பு:

அண்ணன்கள் இருவருக்கும் பொள்ளாச்சியில் இருந்து ஒரு வார்த்தை. மரத்தடியில் படுக்கக் கூடாது என்பதை நமக்கு இங்கிலாந்து போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? தென்னந்தோப்பு வைத்திருக்கும் எவனும் கட்டிலைத் தென்னைக்கு நேர் கீழே போடமாட்டான். 2021 நவம்பரில் ஆர்வென் என்று ஒரு புயல் அடித்து, அந்த ஏரி நாட்டின் காடுகளில் பெரிய பெரிய மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்தது. ஆகவே நொய்யல் அண்ணன் சொல்வதே சரி: மரத்தடி வேண்டாம். காரணம் சொட்டு அல்ல, கிளை. அதோடு இன்னொன்று: மரத்தடி மண் ஈரத்தில் ஊறிக் கிடக்கும், கேரவன் சக்கரம் புதைந்தால் இழுக்க டிராக்டர் தேட வேண்டும். ஜல்லி பரப்பிய இடத்தைக் கேட்டு வாங்குங்கள், அது எங்கே இருந்தாலும் சரி.

நொய்யல்கரையான்:

ஆதரவுக்கு நன்றி, ஆனால் இந்த ஆதரவு எனக்கு வேண்டாம். கிளை விழுவது நவம்பர்ப் புயலில். நம் ஆட்கள் போவது மே, ஜூன் மாதங்களில், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிற காலத்தில். அப்போது விழுவது கிளை அல்ல, சொட்டு. பேச்சைத் திசை திருப்பவேண்டாம் என்று தோப்புக்காரரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னிமலைத் தறி:

எல்லோரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனா, எஞ்சினோடு சேர்ந்த மோட்டார் ஹோமா, தளத்திலேயே நிரந்தரமாக நிறுத்திவைத்து வாடகைக்கு விடும் பெரிய கேரவனா? நிரந்தர வகையில் ஓட்டுக்கூரை மாதிரி அழுத்தமான கூரை போட்டவைகூட உண்டு, அதில் சொட்டுச் சத்தம் உள்ளே கேட்பது குறைவு. அடுத்தது, எந்த மரம்? ஓக் மரம் ஒரு மாதிரி, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் ஸ்ப்ரூஸ் இன்னொரு மாதிரி, ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் லார்ச் வேறு மாதிரி. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் பேசினால் விவாதம் நகராது.

நொய்யல்கரையான்:

மரம் என்றால் மரம். சொட்டு என்றால் சொட்டு.

குன்னூர்க்காரி:

பனியும் தூறலுமான ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். மழையே இல்லாமல் மூடுபனி மட்டும் இருந்தாலும் மரம் சொட்டும். அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் தூங்கித்தான் பள்ளிக்கூடம் போனோம். சீத்வெயிட்டின் மழைக் கணக்கைப் படித்துவிட்டு நொய்யல் ஐயா அசந்துபோயிருக்கிறார். டெஸ்மண்ட் புயலின்போது 2015 டிசம்பரில், அதே ஏரி நாட்டின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் பெய்த 341.4 மி.மீ. மழைதான் பிரிட்டனின் சாதனை. எங்கள் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அங்கே பெய்வதை மழை என்று எங்கள் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் பயந்து எழுதுவதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நொய்யல்கரையான்:

நீலகிரி எப்போதிலிருந்து கொங்கு நாட்டில் சேர்ந்தது என்பதை அம்மையார் விளக்கினால் நன்றாக இருக்கும். மேட்டுப்பாளையத்தோடு எங்கள் எல்லை முடிந்தது. தவிர, அவலாஞ்சியில் இருப்பது மின்சாரத்துக்காகக் கட்டிய அணை; அதை ஏரி என்று சொல்லி ஏரி நாட்டோடு ஒப்பிடவும் கூடாது.

குன்னூர்க்காரி:

கோவைக்காரர்களுக்குக் குளிர் வேண்டுமானால் நாங்கள் கொங்கு, வாக்குவாதம் என்றால் நாங்கள் வெளியூர். இருக்கட்டும். அணை என்றால் ஏரி இல்லை என்பது ஐயாவின் சட்டமானால், லேக் டிஸ்ட்ரிக்டின் தர்ல்மியர் ஏரியை என்ன செய்வது? அங்கே அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, 1894 முதல் மான்செஸ்டர் நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் அனுப்பிவருகிறார்கள். ஐயாவின் மகன் வீட்டுக் குழாயில் வந்ததும் அந்த ஏரி நாட்டுத் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அது சிறுவாணியைவிடச் சுவையாக இருந்ததா என்பதையும் சொல்லிவிட்டால் பழைய கணக்கும் தீர்ந்துவிடும்.

நொய்யல்கரையான்:

தண்ணீர் சப்பென்று இருந்தது. இப்போது விஷயத்துக்கு வருவோம். "மழையே இல்லாமல் மரம் சொட்டும்" என்று அம்மையாரே எழுதிவிட்டார். அதாவது மரம் சொட்டும். இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்? கொடுமுடியார் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

குன்னூர்க்காரி:

சொட்டும் என்றேன், தூங்க முடியாது என்று சொல்லவில்லை. நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவேண்டாம்.

கொடுமுடியார்:

என்னிடம் பதில் இருக்கிறது. மரங்களுக்கிடையில் இருந்ததால்தான் காலையில் கண் விழித்ததும் சிவப்பு அணில் ஒன்று எங்கள் பந்தல் கயிற்றின் மீது நடந்துபோவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். இங்கிலாந்தில் அது அபூர்வமாகிவிட்ட உயிர், எஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்த ஏரி நாடும் ஒன்று. கேரவனுக்குக் கேரவன் ஆறு மீட்டர் இடைவெளி, இரவு பதினொரு மணிக்கு மேல் எவரும் சத்தமாகப் பேசுவதில்லை, இலைச் சருகின் மணம். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் சொட்டு கேட்கத்தான் செய்யும். எங்களுக்கு இருந்த ஒரே தொல்லை மின்சாரம். ரைஸ் குக்கரில் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி தேநீருக்குக் கெட்டிலைப் போட்டார், உடனே டிரிப் ஆகிவிட்டது. தளத்துக்காரர் வந்து கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போனார். மூன்றாவது முறை அவர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

நொய்யல்கரையான்:

மின்சாரம் பற்றியும் நண்பருக்குத் தெரியாது என்பது இப்போது வெளியே வந்துவிட்டது. காட்டுக்குள் இருக்கும் சில தளங்களில் கம்பத்துக்குப் பத்து ஆம்பியர்தான் கொடுக்கிறார்கள். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 2,300 வாட். அந்த ஊர் வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும். பதினாறு ஆம்பியர் கொடுக்கும் இடத்தில் 3,680 வாட் கிடைக்கும் என்றாலும், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டிலும் ரைஸ் குக்கரும் போட்டால் டிரிப் ஆகத்தான் செய்யும். கேரவனுக்கென்றே குறைந்த வாட்டில் கெட்டில் விற்கிறார்கள், அதை வாங்கிக்கொண்டு போயிருக்கவேண்டும். இல்லையென்றால் சோற்றைக் கேஸ் அடுப்பில் வைத்திருக்கவேண்டும். அதிலும் பூட்டேன் சிலிண்டர் குளிர் உறைநிலையை நெருங்கினால் எரியாது, புரோபேன்தான் எரியும். மோட்டாரும் பம்பும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் கோவைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆம்பியரைப் பெருக்கத் தெரியாமல் ஒருவர் பயண அறிவுரை எழுதுகிறார். கெட்டிலைக் கவனிக்கத் தெரியாதவர் சொட்டைக் கவனித்திருப்பார் என்று நான் எப்படி நம்புவது?

கொடுமுடியார்:

அண்ணா, கெட்டிலை வைத்தது என் மனைவி. குடும்பத்துப் பெண்களை இதில் இழுக்கவேண்டாம்.

நொய்யல்கரையான்:

இழுத்தது நான் அல்ல. மனைவி தேநீர் போட்டார் என்று எழுதியது நீங்கள். எனக்கு வேண்டியது சொட்டுக்குப் பதில்.

ஆனைமலைத் தோப்பு:

டிராக்டர் பற்றி நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சக்கரம் புதைந்தால் சொட்டைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவன் எங்கும் ஓட்டுவான் என்று கொடுமுடி அண்ணன் அதே குறிப்பில் எழுதியிருந்தார். அதை நம்பி யாராவது கேரவனோடு அந்த ஏரி நாட்டின் ஹார்ட்நாட் கணவாயில் ஏறிவிடப் போகிறார்கள். அங்கே மூன்றடிக்கு ஓரடி ஏற்றம், ஒரு கார் போகும் அகலம். கேரவன் இழுத்துப் போகிற இடமே அல்ல.

கொடுமுடியார்:

ஹார்ட்நாட்டில் ஏறுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? வால்பாறைக்கு அரசுப் பேருந்தே போகிறது என்றுதான் எழுதினேன். தோப்புக்காரருக்கு நான் போன மாதம் அவர் ஊர் இளநீர் விலையைப் பற்றிச் சொன்னதில் இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது.

சென்னிமலைத் தறி:

மரம் எது என்று நான் கேட்டதற்கு இதுவரை இருவருமே பதில் சொல்லவில்லை. டெர்வென்ட்வாட்டர் கரையில் ஓக் மரங்கள் நிறைய உண்டு. நொய்யல் அண்ணன் தங்கிய இடத்தில் இருந்தவை ஊசியிலை மரங்களாக இருந்தால் இருவரும் சொல்வதுமே உண்மையாக இருக்கலாம்.

நொய்யல்கரையான்:

இருவரும் சொல்வதும் உண்மையாக இருக்க வழியே இல்லை. ஒருவர் "கூரைமேல் விழாது" என்று எழுதியிருக்கிறார், எங்கள் கூரைமேல் விழுந்தது. மேல்பலகையில் படுத்திருந்த பேரன் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் படுத்தான். மறுநாள் காலையில் கூரைச் சன்னலின் விளிம்பு முழுக்க மர ஊசிகள் அடைத்துக் கிடந்தன. ஏணி வாங்கி நான்தான் ஏறித் துடைத்தேன். சூரியத் தகடு பொருத்திய கேரவன் என்று கூடுதல் வாடகை கொடுத்து எடுத்தது, மர நிழலில் அதன் பேட்டரி நாள் முழுக்க ஏறவேயில்லை. இத்தனைக்கும் காரணமான மரத்தைத்தான் நண்பர் கேட்டு வாங்கச் சொல்கிறார்.

கொடுமுடியார்:

அண்ணனே "மர ஊசிகள்" என்று எழுதிவிட்டார். என்னுடையவை இலை மரங்கள். என் குறிப்பில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை.

நொய்யல்கரையான்:

மாற்றவேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே நான் ஒரு குறிப்புப் போட்டுவிட்டேன்: இந்த அறிவுரையைக் கேட்டு மரத்தடியில் தங்கி விழித்திருந்தவர்கள் இங்கே பெயர் பதிவு செய்யலாம்.

குன்னூர்க்காரி:

பார்த்தேன். முதல் பெயரும் உங்களுடையது, இரண்டாவது பெயரும் உங்களுடையது.

நொய்யல்கரையான்:

இரண்டாவது, என் மனைவியின் சார்பில் போட்டது. அவரும் தூங்கவில்லை.